நாற்காலி டூட்டி

ஜனவரி 8, வியாழன்

"சும்மா உக்காராத வைத்தி, எதையாவது எழுதிக்கிட்டிரு. பாக்கறவனுக்கு வேலை செய்யற மாதிரி தெரியணும்" என்று சொல்லி ரகோத்தமன் சார் இந்த டைரியைக் கொடுத்தார். கம்பெனியின் புத்தாண்டு டைரி. நிரந்தரத் தொழிலாளிகளுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். இத்தனை வருடம் இந்தச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் கூலியாக நிலக்கரி தூசியைத் தின்ற எனக்கு, காலை நசுக்கிக்கொண்ட மறுநாள் கிடைத்திருக்கிறது. கம்பெனி வாழ்க.

சரி, எழுதுகிறேன். என் பெயர் வைத்திலிங்கம். நிலக்கரியை மேலே கொண்டுபோகிற கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் தேய்ந்துபோன ரோலரைக் கழற்றிப் புதிது மாட்டுவது என் வேலை. நேற்றுக் காலை ஷிப்டில் நானும் என் மைத்துனன் கலியபெருமாளும் ஒரு ரோலரைத் தூக்கினோம். நாலு பேர் தூக்க வேண்டிய உருப்படி. பொங்கலுக்குள் இவ்வளவு டன் வெட்டியே ஆக வேண்டும் என்று மேலே யாரோ சொல்லிவிட்டதால் மற்ற இரண்டு பேரை அடுத்த பெல்ட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கலியன் நின்ற பக்கம் சேறு. வழுக்கினான், கையை விட்டான், ரோலர் என் இடது காலில் இறங்கியது. ஷூவைக் கத்தியால் அறுத்துத்தான் எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. முதலுதவி அறையில் கம்பவுண்டர் ஜெயசீலன் கட்டுப் போட்டான். அப்போதே ரகோத்தமன் சார் ஓடி வந்துவிட்டார். பாதுகாப்புப் பிரிவுக்கு அவர்தான் அதிகாரி. என் தோளில் கை வைத்து, "நாளைக்கு வந்துடு வைத்தி, வண்டி அனுப்பறேன்" என்றார். அடிபட்டவன் மறுநாள் வேலைக்கு வரவில்லை என்றால் அது விபத்து. அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டும், விசாரணை வரும், மெயின் கேட்டில் விபத்தில்லாத நாட்களை எண்ணிக்கொண்டு நிற்கிற போர்டு பூஜ்யத்துக்குப் போகும், மார்ச்சில் வர வேண்டிய பாதுகாப்பு விருது போய்விடும். வந்துவிட்டான் என்றால் அது வெறும் சிராய்ப்பு. ஆகவே நான் வந்துவிட்டேன். வண்டியிலிருந்து இரண்டு பேர் என்னைத் தூக்கி, என் அட்டையை என் கையாலேயே மிஷினில் தேய்க்க வைத்து, ரகோத்தமன் சார் அறையில் ஒரு நாற்காலியில் இறக்கினார்கள். எங்கள் ஆட்கள் இதற்கு நாற்காலி டூட்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் எத்தனை பேர் இதில் உட்கார்ந்தார்களோ, கைப்பிடியில் ஒரே கிரீஸ்.

எதற்காக உட்கார்ந்திருக்கிறேன் என்றால், நிரந்தரத்துக்காக. எங்கள் நிலம் இப்போது சுரங்கத்தின் நடுவில் வெறும் பள்ளம். நிலம் கொடுத்த குடும்பத்துக்கு ஒரு நிரந்தர வேலை என்று சொல்லித்தான் எடுத்தார்கள். அப்பா கேட்டுக் கேட்டே போய்ச் சேர்ந்தார். இப்போது நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "விருது வரட்டும். அடுத்து லிஸ்ட்தான். உன் பேரு அதுல இருக்கும், நான் பொறுப்பு" என்றார் ரகோத்தமன் சார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஜனவரி 9, வெள்ளி

கால் விண் விண்ணென்று தெறிக்கிறது. ஏசி நன்றாக இருக்கிறது.

ஜனவரி 10, சனி

வண்டி ஹாரன் அடித்ததும் தையலுக்குக் கோபம் வந்துவிட்டது. தையல் என்றால் தையல்நாயகி, என் பெண்டாட்டி, கலியனின் அக்காள்.

"கால் பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடக்குது. இத்தத் தூக்கிக்கினு அங்க போயி இன்னாத்தக் கிழிக்கப் போற?"

"எழுதப் போறேன்" என்றேன்.

"ஒனக்கு சக்கர இருக்குதுன்னு அவங்ககிட்ட சொன்னியா இல்லியா?"

"இன்னும் சத்தமாச் சொல்லு. டிரைவருக்குக் கேக்கல."

இரண்டு வருடத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் நடந்த இலவச முகாமில் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து மாத்திரையை அரிசி டப்பாவுக்குள் வைத்துத் தின்கிறேன். கம்பெனிக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. நிரந்தரம் ஆவதற்கு முன்னால் மெடிக்கல் உண்டு. அதில் சர்க்கரை தெரிந்தால் ஆள் அன்பிட், வீட்டுக்குப் போ என்று சொல்லிவிடுவார்கள் என்பது எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். அதற்கும் வழி கண்டுபிடித்திருக்கிறோம். மெடிக்கலுக்கு முன்னால் பட்டினி, பாகற்காய்ச் சாறு, மாத்திரை இரண்டு மடங்கு. கம்பெனி கணக்குப்படி எங்கள் பெல்ட்டில் ஒருத்தனுக்கும் சர்க்கரை கிடையாது.

கட்டுப் போடும்போது ஜெயசீலன் கேட்கத்தான் செய்தான். "சுகர் கிகர் இருக்கா வைத்தி? இருந்தா சொல்லிடு, புண்ணு ஆறாது."

"எனக்கா? கல்லத் தின்னாலும் செரிக்கும்" என்றேன். நம்பிவிட்டான்.

கலியன் கையை விட்டதைத் தையலிடம் சொல்லவில்லை. ரோலர் நழுவிடிச்சு என்றேன். தெரிந்தால் தம்பியைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவாள். அவன் சின்னப் பையன், போன வருடம்தான் கல்யாணம் ஆயிற்று.

ஜனவரி 13, செவ்வாய்

ஆபீசில் பொங்கல் வைத்தார்கள். மேடம்கள் பட்டுப்புடவை, சார்கள் வேட்டி. நடுவில் நான், முக்காலியில் தூக்கி வைத்த காலோடு. ரகோத்தமன் சார் தன் கையாலேயே சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தார். நெய் மினுமினுத்தது.

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். ஜெயசீலன் வேறு எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பிட்டேன். "இன்னொரு கரண்டி வைங்க சார்" என்றும் சொன்னேன். டீயும் அப்படித்தான். ஒரு நாளைக்கு மூன்று தடவை வருகிறது, ஒவ்வொன்றும் பாகு. சர்க்கரை இல்லாமல் கொடு என்று கேட்டால் அன்றைக்கே கதை முடிந்தது. வீட்டில் ஒரு வெல்லக்கட்டிக்கு ஏங்குகிறவன், இங்கே வேலைக்காக இனிப்புத் தின்கிறேன். இந்தக் கூத்தை யாரிடம் சொல்லிச் சிரிப்பது?

ஜனவரி 24, சனி

கட்டைவிரல் நகம் விழுந்துவிட்டது. பக்கத்து விரல் கறுத்திருக்கிறது. ரத்தம் கட்டினால் கறுக்கத்தானே செய்யும்? ஜெயசீலன் முகத்தைச் சுளித்து, கம்பெனி ஆஸ்பத்திரிக்கு எழுதட்டுமா என்று ரகோத்தமன் சாரைக் கேட்டான். அவர் கதவைச் சாத்திவிட்டு அவனை என்னமோ சொன்னார். பிறகு ஜீப்பில் டவுனுக்கு அனுப்பி, தெரிந்த எக்ஸ்ரே கடையில் படம் எடுக்க வைத்தார். எலும்பு விண்டிருக்கிறதாம். பணம் அவரே கொடுத்தார். நல்ல மனுஷன்தான். என்ன அடி, எங்கே பட்டது என்று எக்ஸ்ரேக்காரன் கேட்டபோது, "வீட்ல விழுந்துட்டாரு" என்று டிரைவர் முந்திக்கொண்டான். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்தால் குழாயில் தண்ணீர் இல்லை. ராப்பகலாகப் பூமிக்குள்ளிருந்து தண்ணீரை இறைத்து வெளியே கொட்டுகிற கம்பெனி பக்கத்திலேயே இருக்கிறது, எங்கள் தெரு போர்வெல் எல்லாம் வறண்டு கிடக்கிறது. தையல் டேங்கர் வரிசையில் நின்று நாலு குடம் கொண்டுவந்தாள். ஒரு குடத்தை என் காலைக் கழுவவே தீர்த்துவிட்டாள்.

பிப்ரவரி 3, செவ்வாய்

வலி போய்விட்டது! நேற்றிலிருந்து சுத்தமாக வலியே இல்லை. விரலைக் கிள்ளிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. தையலிடம் சொன்னேன், பார்த்தியா, ஆறுது என்று. அவள் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல சேதி சொன்னாலும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிற பொம்பளை.

திருப்பூரிலிருந்து பையன் போன் செய்தான். நான் ஆபீசில் வேலை பார்ப்பதாகச் சொன்னேன். "சூப்பருப்பா" என்றான்.

பிப்ரவரி 12, வியாழன்

ஆபீசில் எலி செத்துக் கிடக்கிறது.

காலையில் டைப்பிஸ்ட் மேடம்தான் முதலில் மூக்கைப் பொத்தினார். "என்ன சார் இப்படி நாறுது?" பிறகு எல்லாருக்கும் அடித்தது. அலமாரியை நகர்த்தினார்கள், ஏசியைக் கழற்றினார்கள், மூலையில் கிடந்த பழைய ஹெல்மெட் மூட்டையைக் கொட்டினார்கள். நானும் உட்கார்ந்த இடத்திலிருந்தே, அந்த பீரோவுக்குப் பின்னாடி பாருங்க, ஜன்னல் பக்கம் பாருங்க என்று வழி சொல்லிக்கொண்டிருந்தேன். பெரிய எலியாக இருக்கும், இந்தப் பக்கம் பெருச்சாளி அதிகம் என்றும் சொன்னேன்.

எலி கிடைக்கவில்லை. மத்தியானம் ரகோத்தமன் சார் ஊதுபத்தி ஏற்றி என் முக்காலிக்குப் பக்கத்தில் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சாயங்காலம் என் நாற்காலியை வராந்தாவில் போட்டுவிட்டார்கள். காற்றோட்டமாக இருக்குமாம். இருக்கிறதுதான்.

பிப்ரவரி 13, வெள்ளி

வராந்தாவிலும் எலி செத்துக் கிடக்கிறது.

பிப்ரவரி 21, சனி

தையலோடு பெரிய சண்டை. கட்டைப் பிரித்தவள் ஐயோ என்று கத்தி, தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரி. இப்பவே பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்குப் போவம்."

"மார்ச்சு நாலு தாண்டட்டும். விருது விழா முடிஞ்சதும் போவம்."

"விழா! காலு அழுவுதுய்யா, ஒனக்கு மூக்குன்னு ஒண்ணு இருக்குதா இல்லியா? சக்கர இருக்கறவன் காலு, ஒன்னரை மாசமா தொறந்து கெடக்குது."

"இப்ப ஆஸ்பத்திரில படுத்தன்னு வையி, லீவு ஆயிடும். லீவு ஆனா விபத்து. விபத்து ஆனா விருது போச்சு, லிஸ்ட்டு போச்சு. எத்தினி வருசம் நாய் மாதிரி கெடந்தேன், பதினோரு நாளுக்காவ உட்டுட்டு வரச் சொல்றியா?"

"நீ போனா?" என்றாள்.

சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டேன். கலியன் வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். உள்ளே வரவில்லை. அவர்கள் வீட்டு நிலமும் அந்தப் பள்ளத்தில்தான், அவன் பேரும் லிஸ்ட்டில் வருகிறது.

பயமாக இருக்கிறது. இதை அவளிடம் சொல்ல முடியாது.

மார்ச் 4, புதன்

இன்றைக்கு விழா. வெள்ளைச் சட்டை, புது ஹெல்மெட். ஷூ ஏறவில்லை, பக்கவாட்டில் அறுத்துவிட்டு நுழைத்தேன். காய்ச்சல் கொஞ்சம் இருக்கிறது, இருக்கட்டும். இன்று சாயங்காலம் பாண்டிச்சேரி போகிறோம் என்று தையல் பையைக் கட்டி வைத்துவிட்டாள்.

மார்ச் 19, வியாழன்

ஆஸ்பத்திரி. பக்கத்துக் கட்டில்காரரிடம் பேனா வாங்கி எழுதுகிறேன்.

இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

விழாவில் நடந்தது பாதிதான் நினைவிருக்கிறது. முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் இருந்தவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு இரண்டு நாற்காலி தள்ளிப் போனார். எல்லாரும் எழுந்து கையை நீட்டிப் பாதுகாப்பு உறுதிமொழி எடுத்தார்கள். நானும் எடுத்தேன். மேலதிகாரி விருதைத் தூக்கிக் காட்ட, கைதட்டல் நிற்கவே இல்லை. பிறகு ஒரு நாள் கூட லீவு எடுக்காத தொழிலாளிகளுக்குப் பரிசு என்று மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஹாட்பாக்ஸ். மேடைப் படியில் கால் வைத்தது வரை தெரியும். அதற்கப்புறம் இந்தக் கட்டில்.

பெரிய டாக்டர் என்னைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கூட இருந்த சின்ன டாக்டரம்மா மட்டும், "இவ்ளோ நாளா எங்கய்யா இருந்தீங்க?" என்று கேட்டார். "டூட்டில இருந்தேம்மா" என்றேன். அவருக்குப் புரியவில்லை. ரெண்டு விரலோடு போயிருக்க வேண்டியதாம்.

லிஸ்ட் வந்துவிட்டது. என் பெயர் ஏழாவதாக இருக்கிறது. ரகோத்தமன் சார் சொன்ன சொல் தவறவில்லை. மெடிக்கல் போன திங்கட்கிழமை நடந்தது. அன்றைக்கு எனக்கு இங்கே இரண்டாவது தடவை அறுத்துச் சுத்தம் செய்தார்கள். கலியன் பாஸ். தையல் இதை என்னிடம் சொல்லும்போது சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "ஒரு ஆளாவது ஏறிட்டான்" என்றாள்.

ராத்திரியில் இல்லாத கால் வலிக்கிறது. இருக்கும்போது வலிக்காமல் ஏமாற்றிய கால், போன பிறகு வலிக்கிறது. சனியன்.

மார்ச் 31, செவ்வாய்

வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகிறது. இன்று ரகோத்தமன் சார் வந்தார், ஆப்பிளும் ஹார்லிக்சும் வாங்கிக்கொண்டு. தையல் உள்ளே உட்காரச் சொல்லவில்லை. அவரே உட்கார்ந்தார்.

"மனசு கேக்கல வைத்தி. சுகர் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஜெயசீலன் கேட்டானாமே. இது சுகர்னால போன கால்னு ஆஸ்பத்திரி பேப்பர்லயே இருக்கு."

"சுரங்கத்துல ரோலர் உழுந்த காலு சார்."

"எந்த ரோலர்?" என்று கேட்டார். கோபமாக இல்லை, குழந்தையிடம் கேட்கிற மாதிரி. "ரோலர் விழுந்தவன் மறுநாளே எப்படி டூட்டிக்கு வருவான்? ஒரு நாள் கூட லீவு போடலியே நீ. முழு அட்டெண்டன்ஸ்னு நாங்களே பரிசு கொடுத்திருக்கோம். யாரு நம்புவா?"

என்ன அழகாகக் கட்டியிருக்கிறார்கள் பாருங்கள்! நான் ஒவ்வொரு நாளும் காலையில் அட்டையைத் தேய்த்துத் தேய்த்து, எனக்கு விபத்தே நடக்கவில்லை என்று நானே சாட்சி சொல்லியிருக்கிறேன். தூக்கிக்கொண்டு போனது அவர்கள் கை, தேய்த்தது என் கை.

அவர் படியிறங்கும்போது தையல் சொன்னாள், "கலெக்டர்கிட்ட மனு குடுத்துட்டேன். போன திங்கக்கெழம போயி நானே குடுத்தேன்."

எனக்கே அது அப்போதுதான் தெரியும். ரகோத்தமன் சார் நின்று திரும்பிப் பார்த்தார். ஆப்பிள் பையைத் தையல் அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஹார்லிக்சை மறந்துவிட்டாள்.

ஏப்ரல் 7, செவ்வாய்

விசாரணைக்கு அரசாங்கத்திலிருந்து ஒரு அம்மா வருகிறார்களாம். நாளை மறுநாள், கம்பெனி ஆபீசில். தையல் நேற்றிலிருந்து எனக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். நடந்தது நடந்தபடி சொல்லு, சக்கரைய மறைச்சதையும் சொல்லு, நாற்காலில உக்கார வச்சதையும் சொல்லு. சரி என்றேன். மனசாரத்தான் சொன்னேன். நஷ்டஈடு வரட்டும் வராமல் போகட்டும், எவன் முகத்திலாவது காறித் துப்பியது மாதிரி உண்மையைச் சொல்ல வேண்டும் போல் இருந்தது.

தையல் டேங்கருக்குப் போன நேரம் பார்த்துக் கலியன் வந்தான். நிரந்தரத் தொழிலாளிகளின் நீலச் சட்டை போட்டிருந்தான். வந்ததும் கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, என் ஒற்றைக் காலைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, ரோலர் உழுந்துதுன்னு நீ சொன்னா, யாரு கைய உட்டதுன்னு கேப்பாங்களாம். சார் கூப்ட்டு சொன்னாரு. அஜாக்கிரதைன்னு என் மேல எழுதுவாங்களாம். கேசு ஆவுமாம். வேலையும் பூடும் மாமா."

"சேத்துல நிக்க வச்சது யாருடா? நாலாள் வேலைய ரெண்டாள் செய்யச் சொன்னது யாரு?"

"அத யாரு எழுதப் போறா? நான்தானே கைய உட்டேன்."

அவன் பெண்டாட்டிக்கு ஏழாவது மாதம். விம்மிக்கொண்டே, "அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத மாமா" என்றான். அடிக்கலாம் போல் இருந்தது. மண்டையைத் தடவிக் கொடுத்தேன்.

அவன் நிரந்தரத்துக்கு என் கால் விலை. நான் ஏமாளிதான். ஆனால் ஒரு வீட்டில் இரண்டு பேரை இந்தக் கம்பெனிக்குக் கொடுக்க முடியாது.

ஏப்ரல் 9, வியாழன்

விசாரணை முடிந்தது.

ஆபீஸ் அறை அதேதான். அந்த அம்மா நல்லவர்கள், ஒடிசலாக, கண்ணாடி போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து வீல்சேரைத் தானே மேசைப் பக்கம் திருப்பினார்கள். "பயப்படாம சொல்லுங்க. நீங்க சொல்றத அப்படியே எழுதிக்கிறேன். யாருக்கும் பயப்பட வேணாம்" என்றார்கள். வேறு யாராவது அதட்டுகிற ஆளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முதலில் கலியனைக் கேட்டார்கள். தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான் அன்னிக்கு வேற பெல்ட்டுல இருந்தேன்" என்றான். தையல் அவனை அப்படியே பார்த்தாள். கூடப் பிறந்தவனை அப்படி யாரும் பார்த்து நான் கண்டதில்லை.

பிறகு என்னைக் கேட்டார்கள். "சொல்லுங்க வைத்திலிங்கம். எங்க அடிபட்டுச்சு?"

தையல் பின்னால் நின்று என் தோளில் கை வைத்திருந்தாள். கை சூடாக இருந்தது.

"வீட்ல உழுந்துட்டேங்க" என்றேன்.

கை தோளிலிருந்து எடுபட்டது. அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டு, "நிச்சயமா?" என்றார்கள். நிச்சயம் என்றேன். ரகோத்தமன் சார் தன் முன்னால் இருந்த தாளைப் பார்த்து வாசித்தார்: "வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடது காலில் அடிபட்டது."

தையல் சிரித்தாள். சத்தமாக, அறை முழுக்கக் கேட்கிற மாதிரி.

"எந்தக் குளியலறைங்க சார்? நெலத்த எடுத்துக்கினு மூணு சென்ட்டு குடுத்தீங்க. அதுல ஒரு ரூம்பு, ஒரு அடுப்பாங்கரை. எங்க வூட்ல குளியலறையே கெடையாது. கொல்லையில தென்னங்கீத்து மறைப்புலதான் நான் குளிக்கிறேன். வாங்க, வந்து பாருங்க எல்லாரும். இல்லாத ரூம்புல எப்டிங்க வழுக்கி உழுவாரு?"

டைப்பிஸ்ட் மேடம் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா என்னைப் பார்த்தார்கள். வாயைத் திற, இப்போதாவது சொல் என்று கேட்கிற பார்வை. கலியன் நீலச் சட்டையின் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தான்.

ரகோத்தமன் சார்தான் தொண்டையைக் கனைத்தார். தன்மையாக, எப்போதும் போலவே கேட்டார்.

"அப்ப கொல்லையிலன்னு போட்டுக்கலாமா வைத்தி?"

"போட்டுக்கலாங்க" என்றேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் தையல் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கலியன் என்னை இறக்கிவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டான். இனி ஒரு மாதம் பேசமாட்டாள், திட்டித் தீர்ப்பாள், பட்டினி போடுவாள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். எதற்கும் தயாராகத்தான் இருந்தேன்.

அவள் புடவையை மாற்றிக்கொண்டு வந்து ஊன்றுகோலை என் கையில் கொடுத்தாள்.

"எந்திரி. கொல்லைக்கு வா."

"எதுக்கு?"

"எங்க உழுந்தன்னு காட்டு. நாளைக்கு யாருனா வந்து கேட்டா, நானும் அதே எடத்தத்தான காட்டணும்?"

கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பில் என்ன வைக்கட்டும் என்று கேட்கிற குரலில் சொன்னாள். எழுந்தேன். அவள் ஒரு பக்கம் தாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் கொல்லையில் போய் நின்றோம். வெயில் தாழ்ந்திருந்தது. எங்கே காட்டுவது என்று கொஞ்ச நேரம் தேடினேன், அவள் பொறுமையாக நின்றாள்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், துவைத்த தண்ணீர் தேங்கி ஈரமாக இருக்கிற ஓர் இடத்தைக் காட்டினேன்.

"இங்கியா?" என்று கேட்டுக் காலால் தரையைத் தேய்த்துப் பார்த்தாள். "ம், இங்க வழுக்கும்" என்றாள்.